மறுபக்கம் தீட்டிய கத்தி

அன்றைக்குக் கொல்லன் பட்டறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேரும் ஒரு ஆடும். பட்டறைக்காரர், அவருடைய மனைவி, என் மனைவியின் அண்ணனாகிய மச்சான், காத்தான்குடியிலிருந்து வந்திருந்த கடைக்காரக் காக்கா ஒருவர் (முஸ்லிம் ஆட்களில் மூத்தவரை நாங்கள் காக்கா என்போம்), பிறகு நான். ஆடு காக்காவுடையது. இதை ஏன் இவ்வளவு கணக்காகச் சொல்கிறேன் என்றால், அந்தக் கத்தி விஷயம் நாவற்குடாவில் பரவிய பிறகு, தானும் பக்கத்தில் நின்றதாகச் சொன்ன ஆட்கள் பத்துக்கு மேல். ஒருவர், தான்தான் சம்மட்டியே எடுத்துத் தந்ததாகச் சொல்லித் திரிந்தார். அவர் அன்றைக்கு வாகரையில் ஒரு செத்தவீட்டில் நின்றது எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி ஆடு. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு அதனிடமும் கேட்க வழியில்லை.

எல்லாம் ஒரு பெயின்ட் டின்னால் வந்த வினை. வருசப் பிறப்புக்கு முன்னர் கேற்றுக்கு நிறம் பூசுவோம் என்று டின்னைத் திறக்கப் பார்த்தேன். மூடி அசையவில்லை. கைக்கு எட்டிய கத்தியை மூடிக்குள் விட்டு நெம்பினேன். கத்தியின் முனை உடைந்து டின்னுக்குள் விழுந்தது. அது மாமியின், அதாவது என் மனைவியின் தாயாருடைய கத்தி, என் மனைவி பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் குசினியில் இருப்பது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். கலியாணம் கட்டினால் ஆண்பிள்ளை ஒரு பையோடு வந்து பெண்வீட்டில் ஏற வேண்டியதுதான். நானும் அப்படித்தான் வாகரையிலிருந்து வந்து ஏறினேன். பன்னிரண்டு வருசமாகிறது. கட்டில் அவர்களுடையது, கதிரை அவர்களுடையது, கிணறு அவர்களுடையது. நாய்கூட எனக்கு முன்னமே அங்கே இருந்தது. ரயர்க் கடையில் சக்கரம் கழற்றுகிற வேலை எனக்கு. சம்பளத்தை வீட்டுக்குத்தான் கொடுக்கிறேன். ஆனால் சம்பளம் கறியாகவும் கரண்டு பில்லாகவும் போய்விடும். இது மருமகனுடையது என்று கைகாட்ட அந்த வீட்டில் ஒரு சாமான் இல்லை. உடைந்த முனைதான் முதலாவது.

முனையை உடைத்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பயத்தில் இன்னொரு வேலையும் பார்த்தேன். மாமி கோயிலுக்குப் போன நேரம், சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரை மறித்து, முனையைத் தீட்டிச் சரிக்கட்டித் தரச் சொன்னேன். அவர் முனையோடு நிற்காமல் கத்தி முழுவதையும் நன்றாகத் தீட்டித் தந்துவிட்டார். இருநூறு ரூபா வாங்கினார். மாமி வந்து ஒரு மீனை வெட்டிப் பார்த்தா. கத்தியைக் கழுவினா. துடைத்தா. குசினி வாசலில், உள்ளே போகிற ஆளின் கண் உயரத்துக்கு ஒரு ஆணி அடித்து அதிலே கொழுவி விட்டா.

ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஒரு கிழமையில் முடிந்திருக்கும். வீட்டுக்கு ஆர் வந்தாலும், தேத்தண்ணியோடு அந்தக் கத்தியையும் காட்டுவா.

"இது எங்கட மருமகன்ட வேலப்பாடு" என்பா, சிரித்துக்கொண்டு.

சந்தையில் வாங்கிய சிவப்புப் பிளாஸ்டிக் பிடிக் கத்தி ஒன்றால் வேலை நடந்தது. அது தக்காளியைக்கூட வெட்டாது, நசுக்கும். நசுங்கிய தக்காளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டின் மூடி ஞாபகம் வரும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் மச்சான் சாப்பிட வந்திருந்தார். மச்சான் அரசாங்க உத்தியோகம். கையில் எடுத்த ஆயுதங்களில் மிகவும் பாரமானது ஸ்டேப்ளர். ஆனாலும் எந்தத் தொழிலைப் பற்றிக் கேட்டாலும் அரை மணித்தியாலம் பேசுவார். அவர் ஆணியைப் பார்த்துவிட்டு, "என்னடாப்பா, இன்னும் இது தொங்குதா? நல்ல கத்தி ஒண்டு வாங்கிக் குடுக்க வக்கில்லையா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து ரோசம் வந்ததோ தெரியாது. "வாங்கத் தேவையில்ல மச்சான். நானே என்ட கையால ஒண்டு அடிச்சுக் கொண்டு வாறன்" என்றேன்.

மனைவி சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அவளுக்கு என்னைத் தெரியும். மின்குமிழ் மாற்றுவதற்கே மெயின் சுவிட்சை இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவன் நான்.

மாமி சொன்னது ஒரே சொல். "பார்ப்பம்." கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னா. "கொண்டு வந்தாலும் சும்மா வாங்க மாட்டன். கத்திய சும்மா வாங்கினா உறவு அறுந்துபோகும். ஒரு காசாவது குடுத்துத்தான் எடுப்பன். இந்தக் கத்திக்கும் என்ட தங்கச்சிக்குக் காசு குடுத்துத்தான் எடுத்தது."

அதோடு விஷயம் நாவை விட்டு இறங்கி ஊருக்குப் போய்விட்டது. இனி அடிக்காமல் இருக்க முடியாது. அடிக்காவிட்டால் அந்த ஆணிக்குப் பக்கத்தில் என்னையும் கொழுவிவிடுவார்கள்.

பட்டறை குருக்கள்மடத்துப் பக்கம், பெரிய றோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. பட்டறைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். கட்டாரில் வெல்டிங் வேலை செய்துவிட்டு வந்து, தகப்பனுடைய உலைக்கு மின்சாரத்தில் ஓடுகிற ஊதுகுழல் பூட்டி, காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நல்ல உழைப்பு உழைக்கிறார். பெருநாள் நெருங்கினால் மூச்சு விட நேரமில்லை. நான் போனதும் சரியாக அந்த நேரம்தான்.

"நான் அடிச்சுத் தந்தா ரெண்டாயிரத்து ஐந்நூறு. நீங்க அடிக்கிறதெண்டா நாலாயிரம் அண்ணன்" என்றார்.

"நான் அடிச்சா குறையத்தானே வேணும்?"

"கரி ரெண்டு மடங்கு போகும். நேரம் மூண்டு மடங்கு போகும். உங்களுக்கு ஏதும் நடந்தா ஆசுபத்திரிக்கும் நான்தான் கொண்டு போகோணும்."

நியாயம்தான். நாலாயிரத்தையும் முன்காசாகவே கொடுத்தேன். கடன் இருந்தால் எனக்கு நித்திரை வராது. கடைக்காரன் மிச்சம் தர மறந்தாலும் வராது, அது வேறு.

குறித்த நாளில் மச்சானின் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினோம். அவர் ஏன் வந்தார் என்றால், மேற்பார்வைக்கு. ரயர்க் கடையில் கழித்துப் போட்ட லொறி ஸ்பிரிங் துண்டு ஒன்றை முதலாளியிடம் கேட்டு எடுத்திருந்தேன். பையின் அடியில், துவாயில் சுற்றி, இன்னொரு சாமானும் இருந்தது. அதை அப்போதைக்கு ஒருவருக்கும் காட்டவில்லை.

பட்டறைக்காரர் இரும்பை உலைக்குள் வைத்தார். "தோடம்பழ நிறம், நல்ல செம்மஞ்சள், வந்தா எடுங்க. மஞ்சளா வெளிச்சுப் பொறி பறந்தா இரும்பு எரிஞ்சு போச்சு எண்டு அர்த்தம். சிவப்புக் கறுத்தா அடிக்காதீங்க, வெடிக்கும். அவ்வளவுதான் தொழில்" என்றார்.

அவ்வளவுதான் என்று சொல்லுகிற எதையும் நான் நம்புவதில்லை. எரிந்துவிடுமோ என்று பத்து எண்ணுவதற்கு ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். ஆறிவிடுமோ என்று திரும்ப வைத்தேன்.

பட்டறைக்காரரின் மனைவி கரி அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னா: "அண்ணன், பிட்டு அவிஞ்சிற்றா எண்டு மூடியத் திறந்து திறந்து பார்த்தா அது எப்ப அவியும்?"

"முதல் அடி பலமா விழோணும்" என்றார் மச்சான், எட்ட நின்றுகொண்டு. "முழங்கையால அடிக்காத, தோளால அடி. பூமி ஈர்ப்பு இருக்கு, அதப் பாவிச்சு அடி."

பூமி ஈர்ப்பு என் கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளிச் சம்மட்டியை இறக்கியது. அதற்குப் பிறகு மச்சான் இன்னும் எட்டப் போய் நின்று மேற்பார்வை செய்தார்.

காக்கா அப்போதுதான் வந்தார். சின்ன லொறியின் பின்னால் ஆடு. காத்தான்குடியில் சாமான் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டுக் கத்தி, மினுங்குகிற கத்தி, ஆறு கத்தி சேர்ந்த பெட்டி எல்லாம் விற்கிறவர். பெருநாள் குர்பானுக்கு, ஆடு அறுக்கிறதுக்கு மட்டும் தன் கத்தியைப் பட்டறையில் அடித்துக்கொள்ள வந்திருந்தார்.

"கடையில கத்தி இல்லையா காக்கா?" என்று கேட்டேன்.

"அது விக்கிறதுக்கு தம்பி. இது வெட்டுறதுக்கு."

எங்கள் ஊர் வியாபாரம் முழுவதையும் அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். மச்சான் போன மாதம் ஆறு கத்திப் பெட்டி ஒன்று வாங்கினவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் ஆறுதல் வந்தது.

எப்படியோ, மத்தியானத்துக்குள் இரும்பு ஒரு கத்தியின் சாயலுக்கு வந்தது. திருப்பிச் சூடாக்கி, பழைய என்ஜின் ஒயிலுக்குள் இறக்கினேன். புகையோடு குபீரென்று சுவாலை எழும்பியது. நான் கையிலிருந்த குறட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். பட்டறைக்காரர்தான் மிச்சத்தைப் பார்த்தார். பிறகு இலேசான சூட்டில், வைக்கோல் நிறம் வருமட்டும் இரும்பின் விறைப்பை இளக்கி எடுத்துத் தந்தார். இனித் தீட்டுவது மட்டும்தான்.

எங்கள் பக்கத்து மீன் கத்தி ஒரு பக்கம்தான் தீட்டுவது. கத்தியை வலது கையில் பிடித்தால் வெளியே தெரிகிற பக்கம் சரிவாக இருக்கும். உள்பக்கம் தட்டை. அப்போதுதான் துண்டு நேராக விழும். பட்டறைக்காரர் கத்தியைப் பலகையில் சரியான முகம் மேலே வரும்படி வைத்து இறுக்கி, கிறைண்டரை என் கையில் தந்துவிட்டு, காக்காவின் கத்தியைக் கவனிக்கப் போனார். நான் சுவிட்சைப் போடுவதற்குள் காக்கா கையைத் தூக்கினார்.

"தம்பி, ஒரு நிமிசம். ஆட்டுக்கு முன்னால கத்தி தீட்டப்படாது. அது பாவம்."

திரும்பிப் பார்த்தேன். ஆடு லொறியிலிருந்து நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டை இறக்கி அங்கால கட்டப் பார்த்தோம். அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு அசைய மாட்டேன் என்றது. மூன்று ஆம்பிளைகள் ஒரு ஆட்டோடு மல்லுக்கட்டி, கடைசியில் ஆட்டை விட்டுவிட்டு என்னைத்தான் அசைத்தார்கள். பலகையை சுவருக்கு மறைவாகத் தூக்கி வைத்தோம். பட்டறைக்காரரின் மனைவி ஒரு தார்ப்பாய்ப் படங்கையும் பிடித்துக்கொண்டு நின்றா.

இடம் மாறியதில் கத்தியின் முனை என் பக்கம் வந்துவிட்டது.

"கழட்டித் திருப்பு, கழட்டித் திருப்பு! முனை அங்கால போகோணும், பாதுகாப்பு முக்கியம்" என்று மச்சான் கத்தினார்.

என் வயிற்றைக் குறி பார்க்கிற முனையைக் கண்டதும் எனக்கும் அது சரியாகப் பட்டது. கழற்றினேன், திருப்பினேன், இறுக்கினேன். அரை மணித்தியாலம் கிறைண்டர் பிடித்தேன். பொறி பறந்தது. மச்சான், "பார்த்தியா, சொன்னா விளங்குது உனக்கு" என்றார்.

பட்டறைக்காரர் வந்து கத்தியைக் கையில் எடுத்தார். வலது கையில் பிடித்துப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"அண்ணன், எந்தப் பக்கம் தீட்டி வைச்சிருக்கீங்க?"

திருப்பியதில் கத்தி குப்புற விழுந்திருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய முகத்தை நான் ஒழுங்காக, அழகாக, ஒரு குறையுமில்லாமல் தீட்டி முடித்திருந்தேன்.

"மற்றப் பக்கத்தையும் தீட்டிவிட்டா?" என்று கேட்டேன்.

"வாழையிலை மாதிரி மெல்லிசாப் போகும். இனி ஒண்டும் செய்யேலா. இது இடக்கைக்காரருக்கு அடிச்ச கத்தி."

காக்கா சிரித்தார். பட்டறைக்காரரின் மனைவி படங்குக்குப் பின்னால் நின்று சிரித்தா. மச்சான்தான் பெரிதாகச் சிரித்தவர்.

"எங்கட வீட்டில இடக்கை ஆக்கள் ஒருத்தருமில்லையே! இத ஆருக்குடா குடுக்கப்போறாய்?"

நான் கத்தியை வாங்கி இடது கையில் பிடித்துப் பார்த்தேன்.

மாமி சோறு போடுவது வலது கையால். திருநீறு எடுப்பது வலது கையால். ஆட்களுக்கு முன்னால் எல்லாமே வலது கை. ஆனால் வீட்டுக்குப் பின்வளவில் குந்தியிருந்து மீன் வெட்டும்போது கத்தி இடது கைக்குப் போய்விடும். சின்ன வயதில் அடித்துத் திருத்தியும் கத்திக்கு மட்டும் திருந்தவில்லை என்று ஒரு நாள் அவவே எனக்குச் சொன்னா. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் இருந்து செதில் உரிக்கிறவன் நான்தானே. அவவுடைய பழைய கத்தி இத்தனை வருசமாக இடது கைக்குத் தேய்ந்து பழகியது. சாணைக்காரர் அதை உலகத்துக்கெல்லாம் தீட்டுகிற மாதிரி வலது கைக்குத் தீட்டித் தந்ததில்தான் அது ஆணிக்குப் போனது. முனை உடைந்தது சின்னக் குற்றம். இந்த இரண்டாவது குற்றம் எனக்கே அந்த நிமிசத்தில்தான் விளங்கியது.

மச்சானுக்கு நாற்பத்தாறு வயது. அத்தனை வருசமும் அந்த இடது கை வெட்டிய மீனைத்தான் தின்றவர். பின்வளவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை, கறி மேசைக்கு வருவதால்.

பட்டறைக்காரர் இரக்கப்பட்டார். பெட்டியிலிருந்து தான் அடித்த கத்தி ஒன்றை எடுத்து நீட்டினார். "இதக் கொண்டு போங்க அண்ணன். நீங்க அடிச்சதெண்டு சொல்லுங்க. இஞ்ச நிக்கிற ஒருத்தரும் வாய் திறக்க மாட்டம்."

மச்சான் வாய் திறக்காமல் இருப்பது எந்த உலையிலும் நடக்காத காரியம். ஆனால் நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் அது இல்லை.

"இதுக்கே பிடி போடுவம்" என்றேன்.

பிடி என்றதும் எல்லாரும் நிபுணர்களாகிவிட்டார்கள். காக்கா எருமைக் கொம்புதான் கைக்கு வழுக்காது என்றார். வெள்ளிக்கிழமை மரக்கறி வெட்டுகிற வீட்டில் கொம்புப் பிடியா என்று நான் யோசித்தேன். மச்சான் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு மான்கொம்பை எடுத்தார். ஆரோ ஒரு கூட்டாளி கொடுத்ததாம். எனக்கு உடனே பொலிஸ் ஜீப், விலங்கு, பேப்பரில் படம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"மச்சான், அத உள்ள வையுங்க. அது வழக்கு."

"நான் அரசாங்க ஆள்டா."

"அப்ப உங்கட படம் கொஞ்சம் பெரிசாப் போடுவாங்க."

மான்கொம்பு திரும்பப் பைக்குள் போனது. பட்டறைக்காரர் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, இதைச் சூடாக்கிப் பூட்டினால் ஐந்து நிமிச வேலை, ஆயுளுக்கும் உக்காது என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அதைப் பார்த்தால் மாமி அதில் தண்ணீர் வருமா என்று கேட்பா.

அதற்குப் பிறகுதான் பைக்குள் கையை விட்டுத் துவாயைப் பிரித்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடின மரத்துண்டு. என் தகப்பனுடைய துடுப்பின் காம்பு. கலியாணத்துக்கு வாகரையிலிருந்து நான் கொண்டுவந்த சாமான்களில் உடுப்புப் பைக்கு வெளியே இருந்தது இந்த முறிந்த துடுப்பு ஒன்றுதான். ஏன் கொண்டுவந்தேன் என்று கேட்டால் தெரியாது. வந்த இரண்டாம் நாளே அதற்கு வேலை கிடைத்துவிட்டது, எனக்கு முன்னமே: கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற வேலை. பன்னிரண்டு வருசமாக அந்த வீட்டில் அதற்குப் பெயர் கோழிக்கூட்டுத் தடி. அன்றைக்குக் காலையில் ஒருவருக்கும் தெரியாமல் மேல்பக்கத்தில் ஒரு துண்டு அறுத்துக்கொண்டு வந்தேன்.

"இது முதிரை மரம்" என்றார் காக்கா.

"பாலை" என்றார் மச்சான்.

பட்டறைக்காரர் முகர்ந்து பார்த்தார். "கோழி" என்றார்.

பட்டறைக்காரர் கத்தியின் வாலை, பிடிக்குள் போகிற பக்கத்தை, பழுக்கக் காய்ச்சினார். நான் துண்டை இரண்டு காலுக்கும் இடையில் இறுக்கிப் பிடித்தேன். தலைப்பில் சின்னத் துளை போட்டு, பழுத்த வாலை உள்ளே இறக்கினார். புகை மூக்குக்குள் ஏறியது. வெடித்துவிடும், இப்போது வெடித்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வெடிக்கவில்லை. எத்தனையோ வருசம் உப்புத்தண்ணி குடித்த மரம். நெருப்புக்கும் பெரிதாக மரியாதை கொடுக்கவில்லை. உருக்கிய அரக்கை ஊற்றி அடைத்தோம்.

"வலது கைக்குச் சரிவு சீவட்டா?" என்று பட்டறைக்காரர் கேட்டார்.

"வேணாம். உருண்டையாவே இருக்கட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏதோ விளங்கியிருக்க வேண்டும். உருண்டையாகவே தேய்த்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்தபோது கூட்டுக் கதவு சரிந்து, கோழிகள் வளவெல்லாம் மேய்ந்துகொண்டிருந்தன. என் மனைவி விளக்குமாற்றோடு ஓடிக்கொண்டிருந்தாள். மாமி முற்றத்தில் நின்றா. கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாது என்பதால் படியில் வைத்தேன். மாமி முதலில் பார்த்தது பிடியை.

"கூட்டுத் தடிய அறுத்தது நீங்களா மருமகன்?"

"ஓம் மாமி."

வலது கையால் எடுத்தா. மகன் பக்கத்தில் நிற்கிறாரே. ஒரு வெங்காயத்தை வெட்டினா. துண்டு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் கோணலாக விழுந்தது.

"நாலாயிரம் ரூபாக் கத்தி!" என்றார் மச்சான். அதன் பிறகு முழுக் கதையையும் ஆட்டிலிருந்து தொடங்கிச் சொன்னார். மாமி கேட்டுக்கொண்டு நின்றா. "இடக்கைக்காரருக்கு அடிச்ச கத்தியாம் அம்மா!" என்று அவர் முடித்தபோது மாமி சிரிக்கவில்லை. கத்தியைக் கொண்டு உள்ளே போய்விட்டா.

மற்ற நாள் விடிய ஓரா மீன் வந்தது. பின்வளவில் நானும் மாமியும்தான். மாமி ஒரு தரம் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, கத்தியை இடது கைக்கு மாற்றினா. முதல் மீனின் தலை ஒரே இழுவையில் போனது. இரண்டாவது. மூன்றாவது. துண்டுகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒரே அளவில் விழுந்தன. முழு மீனும் முடியும்வரைக்கும் பிடி கழன்றுவிடுமோ என்று நான் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சுதானா செய்தீங்க?" என்று கேட்டா மாமி.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல மாமி. ஆட்டால வந்தது. ஆனா தெரிஞ்ச பிறகு மாத்தல்ல."

"ம்" என்றா மாமி. அன்றைக்குப் பின்னேரம் ஆணியில் பழைய கத்தி இல்லை. புதியது தொங்கியது.

ஒரு மாதத்தில் அந்தக் கத்தி ஊரில் பிரபலமாகிவிட்டது. கத்தியைத் திருப்பச் சொன்னது தான்தான், அம்மாவுக்காகத் திட்டம் போட்டுச் செய்வித்ததும் தான்தான் என்று மச்சான் வேலை செய்கிற கந்தோரில் சொல்லித் திரிகிறார். அம்மா இடது கை என்று இப்போது அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியுமாம். பரவாயில்லை. ஆனால் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் இரவல் கேட்டு வந்தபோது மாமி, "என்ட கத்திய மட்டும் கேக்காத புள்ள, என்ட கைக்கு எண்டே அடிச்சது" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

என்ட கத்தி. பன்னிரண்டு வருசத்தில் எனக்கென்று சுவரில் ஏறிய ஒரே சாமானும் மாமியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம், சோறு போடும்போது, பயத்தை விழுங்கிக்கொண்டு சொன்னேன்: "மாமி, கத்திக்கு நீங்க இன்னும் காசு தரல்ல."

மாமி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. பிறகு சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, ஒரு அஞ்சு ரூபாக் குற்றியை எடுத்துக் குசினி யன்னல் விளிம்பில் வைத்தா.

"எடுங்க மருமகன். உறவு அறுந்து போகப்படாது."

"இப்ப கை எச்சில் மாமி. மறுகா எடுக்கிறன்."

கை கழுவினேன். எடுக்கவில்லை. மற்ற நாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மாமி, "காசு கிடக்கு மருமகன்" என்றா. "கிடக்கட்டும் மாமி" என்றேன். காசை எடுக்காதவரைக்கும் கத்தி கைமாறாது என்பது அவவுக்கு விளங்கிவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரி வந்தால், "மருமகன்ட கத்தி, இரவல் குடுக்கேலா" என்கிறா. யன்னலைத் துடைக்கும்போது குற்றியைத் தூக்கித் துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைக்கிறா.

கடன் இருந்தால் நித்திரை வராத எனக்கு இந்தக் கடனால் மட்டும் நல்ல நித்திரை. மாமி எனக்குத் தர வேண்டிய பாக்கி: அஞ்சு ரூபா.